புலம்பலுக்கு ஒரு பெறுநர் வேண்டும்

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று சொல்லி நம்மில் பலர் புலம்பலுக்கு நியாயம் கற்பிப்போம். பழமொழி சரிதான். ஆனால் அந்தப் பிள்ளை அழுவது, பால் கொடுக்கக் கூடியவளின் காதில் விழும்படி. நாம் அழுவதோ டீக்கடையில், மொட்டை மாடியில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில். மூன்று மாதமாக எரியாத தெருவிளக்கைப் பற்றி அந்தத் தெருவில் பேசாத ஆள் இருக்க மாட்டார். பேரூராட்சி அலுவலகத்தில் அதைப் பற்றி ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது.

குறையே சொல்லாதீர்கள் என்று இங்கே உபதேசம் செய்யப் போவதில்லை. குறை இருந்தால் சொல்லத்தான் வேண்டும். யாரிடம், எந்தச் சொற்களில், எந்தத் தேதிக்குள் பதில் கேட்டு என்பதில்தான் வேலை இருக்கிறது.

புலம்பல் ஏன் ஆளை உட்கார வைக்கிறது

அரை மணி நேரம் புலம்பினால் மனபாரம் கொஞ்சம் இறங்கும். பாரம் இறங்கும்போது, எழுந்து போய் ஏதாவது செய்ய வேண்டும் என்ற உந்துதலும் சேர்ந்தே இறங்கிவிடும். பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்க, அதைக் கவனித்துவிட்டது போன்ற ஒரு திருப்தி மட்டும் மிஞ்சும். அடுத்த நாள் அதே பாரம், அதே பேச்சு.

"கொட்டித் தீர்த்துவிட்டால் கோபம் அடங்கும்" என்பதும் முழு உண்மை அல்ல. அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் இதைச் சோதித்து 2002-இல் வெளியிட்டார். கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பிரிவினர், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியை நினைத்துக் குத்தினார்கள். மூன்றாவது பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முடிவில் கோபம் அதிகமாக இருந்தது முதல் பிரிவினருக்கு. ஆக்ரோஷம் குறைவாக இருந்தது சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு. ஆளை நினைத்து நினைத்துக் கொட்டுவது கோபத்துக்குத் தீனி போடுகிறது.

கூடிப் புலம்புவதில் இன்னொரு சிக்கல். வளரிளம் பருவத்தினரின் நட்பை ஆராய்ந்த அமாண்டா ரோஸ் 2002-இல் ஒன்றைக் காட்டினார்: ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசும் தோழமையில் நெருக்கம் கூடுகிறது, மனச்சோர்வும் பதற்றமும் அதோடு சேர்ந்தே வருகின்றன. நெருக்கம் உண்மையானது என்பதால்தான் அந்த வட்டத்தை விட்டு விலகுவது கடினம். அலுவலக டீ இடைவேளைக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கடைசியாக. தப்பிக்க வழியில்லாத சூழலில் வைக்கப்பட்ட விலங்குகள், பிறகு வழி இருந்தும் முயலாமல் படுத்துவிடுகின்றன என்று உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967-இல் எழுதினார்கள். கையறு நிலை பழக்கத்தால் வருவது என்று அப்போது விளக்கம் தந்தார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, 2016-இல், அதே இருவரும் அந்த விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள்: நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப்போவதுதான் இயல்பு, "நான் செய்தால் மாறும்" என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடைமுறையில் இதற்கு ஒரே பொருள்தான். முதல் முயற்சிக்குச் சின்னக் குறையாகத் தேர்ந்தெடுங்கள். ஊழலை ஒழிக்க இறங்காதீர்கள், தெருவிளக்கில் தொடங்குங்கள்.

ஒரு வாரக் குறிப்பு

புலம்புவதை உடனே நிறுத்த முயல வேண்டாம், நடக்காது. ஒரு வாரம் குறித்து மட்டும் வையுங்கள். கைபேசிக் குறிப்பில் மூன்று விஷயம் போதும்: எதைப் பற்றி, யாரிடம் சொன்னேன், அவரால் அதைச் சரிசெய்ய முடியுமா. வார இறுதியில் பார்த்தால் ஒரே நாலைந்து குறைகள்தான் வேறு வேறு வாக்கியங்களில் சுற்றி வந்திருக்கும். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் "முடியாது" என்று இருக்கும்.

பிறகு அவற்றை மூன்றாகப் பிரியுங்கள்: நானே சரிசெய்யக் கூடியவை, வேறொருவர் சரிசெய்யக் கூடியவை, யாராலும் முடியாதவை. இந்தப் பிரிப்பில் எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. இரண்டாவதில் இருக்க வேண்டியதைத் தூக்கி மூன்றாவதில் போட்டுவிடுவோம். "இந்த ஊர்ல எதுவுமே நடக்காது" என்ற வாக்கியம் அப்படிப் பிறந்ததுதான். "எதுவுமே", "எப்பவுமே", "எல்லாருமே" என்ற சொற்கள் வந்தால் உஷாராகி, வாக்கியத்தைத் தேதியும் இடமும் எண்ணும் வைத்துத் திருப்பி எழுதுங்கள். "தண்ணி ஒழுங்காவே வர்றதில்ல" என்பதை யாராலும் சரிசெய்ய முடியாது. "செவ்வாய், வெள்ளி முறைத் தண்ணீரில் வெள்ளிக்கிழமை மட்டும் மூன்று வாரமாக வரவில்லை" என்றால், வால்வு திறப்பவரின் வெள்ளிக்கிழமை முறையைப் போய்ப் பார்க்க ஒருவரால் முடியும்.

நானே சரிசெய்யக் கூடியவற்றுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. நாளும் நேரமும் குறித்துச் செய்துவிடுங்கள். "இந்த வாரம் பார்ப்போம்" என்பது குறிப்பதாகாது. "சனிக்கிழமை காலை பத்து மணிக்கு" என்பதுதான் குறிப்பது.

சரியான ஆள் யார்

குறைகள் வீணாகும் இடம் பெரும்பாலும் இதுதான். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மின்வாரியத்துக்குப் போன் போடுகிறோம். தெருவிளக்குப் பராமரிப்பு ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி போன்ற உள்ளாட்சியின் பொறுப்பு. மின்தடை, அறுந்த கம்பி, சாய்ந்த மின்கம்பம் என்றால்தான் மின்வாரியம். அதற்கு மின்னகம் எண் 94987 94987. பேசும்போது மின் இணைப்பு எண் கையில் இருக்கட்டும்.

சென்னையில் தெருவில் தண்ணீர் தேங்கினால் அது கழிவுநீரா மழைநீரா என்று முதலில் பாருங்கள். கழிவுநீர்க் குழாய் அடைப்பு குடிநீர் வாரியத்துடையது, எண் 1916. மழைநீர் வடிகாலும் குப்பையும் மாநகராட்சியுடையவை, எண் 1913. மாற்றிச் சொன்னால் "எங்களுடையது இல்லை" என்று புகாரை மூடிவிடுவார்கள், உங்களுக்கு ஒரு வாரம் போய்விடும். சாலைக்கும் இதே கதை: உள்ளூர்த் தெரு உள்ளாட்சிக்கு, மாவட்டச் சாலையும் மாநில நெடுஞ்சாலையும் நெடுஞ்சாலைத் துறைக்கு, தேசிய நெடுஞ்சாலை தனி. ரேஷன் கடைக்கு 1967. ரயிலில் என்றால் 139. எந்தத் துறை என்றே தெரியவில்லையா, முதல்வரின் உதவி மையம் 1100.

போனில் சொன்னால் புகார் எண்ணை வாங்காமல் வைக்கக் கூடாது. எண் இல்லாத புகார் டீக்கடைப் பேச்சுக்குச் சமம்.

ஒரு பக்க மனு

போனில் நடக்காவிட்டால் தாளில் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மாதிரி இதோ:

அனுப்புநர்: பெயர், முகவரி, கைபேசி எண்
பெறுநர்: செயல் அலுவலர், (ஊர்ப் பெயர்) பேரூராட்சி
பொருள்: பள்ளிக்கூடத் தெருவில் இரண்டு தெருவிளக்குகள் எரியாதது குறித்து

ஐயா,
மேற்கண்ட தெருவில் 14, 15 எண்ணுள்ள கம்பங்களின் விளக்குகள் மே 3 முதல் எரியவில்லை. மே 6 அன்று தொலைபேசியில் புகார் தெரிவித்தேன் (புகார் எண்: ...). மாலை டியூஷன் முடித்து வரும் மாணவிகள் இந்த வழியாகத்தான் நடந்து வருகின்றனர். இரண்டு விளக்குகளையும் மே 25-ஆம் தேதிக்குள் சரிசெய்து, விவரத்தை எனக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இணைப்பு: புகைப்படம் 2

இதில் "அவல நிலை" இல்லை, "அலட்சியப் போக்கு" இல்லை, போன ஆட்சி இந்த ஆட்சி இல்லை. மனுவைப் படிக்கும் எழுத்தர் அதை ஒரு பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அவருக்குத் தேவை இடம், எண், தேதி, கோரிக்கை. திட்டு கலந்த மனுவில் கோரிக்கையைத் தேட வேண்டியிருக்கும். தேட யாருக்கும் நேரம் இருக்காது.

ஒரு மனுவில் ஒரு விஷயம்தான். விளக்கு, குப்பை, தெருநாய் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் தாள் ஏதோ ஒரு பிரிவுக்குப் போகும், மற்ற இரண்டும் அங்கேயே செத்துவிடும். மூன்று குறை என்றால் மூன்று தாள்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம், தபாலில் அனுப்பிவிடுங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்படைப்புச் சான்று கேட்டு அனுப்பினால் போதும். ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். அந்த மை சீக்கிரம் மங்கிவிடும்.

தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போடலாம். ஆனால் பின்தொடர்பவர் ஒருவராக இருக்கட்டும். "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கலாம்" என்ற மனுவை யாரும் பார்ப்பதில்லை.

திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு நேராகப் போய்விடலாமே என்று தோன்றும். போகலாம். ஆனால் அங்கிருந்தும் மனு அதே பேரூராட்சிக்குத்தான் திரும்பி வரும். கீழே கொடுத்து முத்திரை வாங்கி, பதில் வராத பிறகு அந்த நகலை இணைத்து ஆட்சியரிடம் கொடுத்தால், "இத்தனை நாளாக ஏன் செய்யவில்லை" என்ற கேள்வி கீழே போகும். முதலிலேயே மேலே போனால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

கிராமம் என்றால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே எழுந்து பேசிவிட்டு உட்கார்வதில் பாதிப் பயன்தான். பேசியது தீர்மானமாக எழுதப்பட்டதா என்று கூட்டம் கலைவதற்குள் பார்த்துவிடுங்கள்.

பதில் வராவிட்டால்

பதினைந்தாம் நாள் ஒரு நினைவூட்டல், அதே மனு எண்ணைக் குறிப்பிட்டு, நான்கு வரியில். முப்பதாம் நாளும் அமைதி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு.

இங்கும் புலம்பல் நுழைந்துவிடும். "ஏன் என் மனுவைக் கண்டுகொள்ளவில்லை?" என்று கேட்டால் அது தகவல் கோரிக்கை ஆகாது, தள்ளிவிடுவார்கள். பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள்: "மே 10 தேதியிட்ட என் மனுமீது இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் காட்டும் கோப்புப் பக்கங்களின் நகல். அந்த மனு தற்போது எந்த அலுவலரிடம் உள்ளது, அவருடைய பதவி. கடந்த ஓராண்டில் இத்தெருவில் விளக்குப் பராமரிப்புக்குச் செலவிட்ட தொகையைக் காட்டும் பதிவின் நகல்." இப்படி மூன்று கேள்வி போதும். பல நேரம் தகவல் வருவதற்கு முன்னாலேயே விளக்கு எரியத் தொடங்கிவிடும்.

வேலை நடக்காமலே "தங்கள் மனு தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருவதும் உண்டு. அதைக் குழுவில் போட்டுச் சிரித்துவிட்டு விடாதீர்கள். அன்றைய தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். பொய்யாக மூடிய பதிவு உங்கள் கையில் நல்ல ஆவணம்.

பணம் சிக்கினால்

வங்கியைப் பற்றிய புலம்பலுக்கு விதியைத் தெரிந்துகொள்வதே பாதி மருந்து. ஏடிஎம்-இல் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் வங்கி அதைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கை இது. மேலாளரிடம் "என் காசு போச்சே சார்" என்று நிற்பதற்கும், "இன்றோடு எட்டாவது நாள், தொகையோடு மூன்று நாள் இழப்பீடும் வரவு வைக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுப்பதற்கும் கிடைக்கும் பதில் வேறு. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் பதியலாம், கட்டணம் கிடையாது. இணைய மோசடி என்றால் மட்டும் இந்த வரிசையெல்லாம் வேண்டாம்: அந்த நிமிடமே இணையக் குற்ற உதவி எண் 1930, அடுத்து வங்கி.

கடையில் வாங்கிய பொருள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

அலுவலகத்திலும் வீட்டிலும்

இங்கே மனு போட முடியாது. ஆனால் வடிவம் அதேதான்: நடந்தது என்ன, அதனால் என்ன ஆகிறது, எனக்கு என்ன வேண்டும், எப்போதிலிருந்து.

"எல்லா வேலையும் என் தலையிலதான் கட்றாங்க" என்று கேன்டீனில் சொல்வதை மேலாளரிடம் இப்படிச் சொல்லலாம்: "சார், இந்த மாசம் மூணு ரிப்போர்ட் எங்கிட்ட வந்துச்சு. மூணும் வெள்ளிக்கிழமைதான் முடிக்கணும். அதனால ரெண்டு தடவை லேட்டாயிடுச்சு. அடுத்த மாசத்துல இருந்து ஒண்ணு திங்கட்கிழமைக்கு மாத்தலாமா, இல்ல வேற யார்கிட்டயாவது கொடுக்கலாமா?" இரண்டு வழி கொடுத்தால் அவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். வழியே இல்லாமல் பிரச்சினையை மட்டும் கொண்டுபோனால் "பார்க்கலாம்" என்பார். பேசி முடித்ததும் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

வீட்டில் இன்னும் எளிமையாக. "இந்த வீட்ல நான் ஒருத்திதான் மாடா உழைக்கிறேன்" என்பதைக் கேட்பவர் குற்றச்சாட்டாகத்தான் எடுத்துக்கொள்வார், உடனே தற்காப்பில் இறங்கிவிடுவார். "என்னங்க, நாளையிலேர்ந்து ராத்திரி பாத்திரம் உங்க பொறுப்பு, காலைச் சமையல் என் பொறுப்பு, சரியா?" என்பதற்கு ஆமாம் இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். பசி நேரத்திலும் விருந்தாளி முன்னாலும் இதைப் பேச வேண்டாம். ஒரே உட்காரலில் ஐந்து வருடக் கணக்கைத் திறக்கவும் வேண்டாம்.

பிறர் நம்மிடம் புலம்பும்போது

அறிவுரையை அவசரப்பட்டு அவிழ்க்காதீர்கள். முதலில் ஒரு கேள்வி: "அக்கா, நான் கேட்டா மட்டும் போதுமா, இல்ல என்ன பண்ணலாம்னு யோசிக்கலாமா?" கேட்டால் போதும் என்றால் கேளுங்கள். யோசிக்கலாம் என்றால் "இதைச் சரிபண்ண யாரால முடியும்?" என்று கேளுங்கள், அங்கிருந்து பேச்சு தானாகத் திரும்பும். ஒரே விஷயம் நாலாவது முறை வந்தால், "போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க, வாங்க இப்பவே எழுதிடலாம்" என்று தாளை எடுத்துவிடலாம். வயதானவர்களின் உடம்பு வலிப் புலம்பலில் இந்தச் சாமர்த்தியம் எதுவும் செல்லாது. அவர்கள் கேட்பது பல நேரம் துணையைத்தான், பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். புதிய வலியா பழைய வலியா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். புதிது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒன்றை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அடி வாங்குபவர், மிரட்டப்படுபவர், வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானவர் சொல்வது புலம்பல் அல்ல. "பொறுத்துப் போ" என்று அவரிடம் சொல்வது கொடுமைக்குத் துணைபோவது. பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் ஒருவர் ஒரே துயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் மனநல ஆலோசனைக்கு 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

யாராலும் முடியாதவை

அக்னி வெயில், மழைக்குப் போன கிரிக்கெட் ஆட்டம், காலமானவர் மேல் மிச்சமிருக்கும் மனத்தாங்கல் எல்லாம் இங்கே வரும். இவற்றைப் புலம்புவதில் தப்பில்லை. வெயிலைத் திட்டாமல் சித்திரையைக் கடப்பது நம்மால் ஆகிற காரியமா என்ன? பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு பேசிவிட்டு விஷயத்தை மாற்றுங்கள். மனசை விட்டுப் போகாத ஒன்றாக இருந்தால் தாளில் எழுதிப் பாருங்கள். எழுதும்போது அதற்குள்ளேயே இரண்டாம் வகைக் குறை ஒன்று ஒளிந்திருப்பது தெரியவரலாம். வெயிலை மாற்ற முடியாது. பேருந்து நிறுத்தத்துக்கு நிழற்குடை கேட்டு மனு கொடுக்க முடியும்.